உலு கிள்ளானில் பிறந்த மாயக்கதை

கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் தேசிய விலங்கியல் பூங்கா இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அதற்கு அருகிலேயே ஒரு காலத்தில் மெர்டேக்கா திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. 1964ஆம் ஆண்டு அந்நிலையத்துக்கு ஒரு கலைஞர் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35. நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதாசிரியர், இயக்குநர் என எல்லாமாகவும் அவர் இருந்தார். மலாய்த் திரையுலகில் அவருக்கு நிகரானவர் அன்று எவருமில்லை. அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் உலு கிள்ளானில் 18 படங்களை இயக்கினார். அவற்றுள் ஒன்று, 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'அஹ்மட் அல்பாப்'. குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில், பாட்டும் நகைச்சுவையும் மாயமும் கலந்து எடுக்கப்பட்ட படம் அது. அந்தக் கலைஞர் பி. ரம்லி.

அவருடைய இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை தெயுக்கு நியாக் பூத்தே, சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்த கடலோடி. தாய் சே மா, பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். பின்னாளில் புகழ்பெற்ற பெயரின் முன்னிருக்கும் 'பி' என்னும் எழுத்து, தந்தையின் பெயரிலுள்ள பூத்தே என்பதைக் குறிக்கும். சிறுவன் ஸக்காரியாவுக்குப் பாடப்புத்தகத்தைவிட இசைக்கருவிகள்மீதுதான் நாட்டம் அதிகம். உக்குலேலே, கித்தார், பிடில், பியானோ என ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். ஜப்பானியர் ஆட்சிக்காலம் அவரது பள்ளிப் படிப்பைக் குலைத்தது. இசையை மட்டும் அவர் விடவில்லை. இசைக்குறியீடுகளைப் படிக்கவும் எழுதவும் முறையாகப் பழகினார். 1947ஆம் ஆண்டு மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடுவதை இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தவர் அவர். இளைஞரின் குரல் அவருக்குப் பிடித்துப் போனது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படநிறுவனத்துக்கு வருமாறு அழைத்தார். 1948இல் வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகனுக்குப் பின்னணி பாடியவரும் அவரே.

அக்கால மலாய்ப் படங்களில் பாட்டு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவின் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. அரபுக் கதைகள், இந்தியக் கதைகள், பாடல்கள், ஆடல்கள், பளபளக்கும் திரைச்சீலைகள் ஆகியவை நிறைந்த நாடகங்கள் அவை. அவற்றைப் பார்த்தே மலாய் மக்கள் பங்சாவான் என்னும் இசை நாடகத்தை உருவாக்கினர். தமிழகத்து மேடை நாடகத்திலும் பார்சி நாடகத்தின் தாக்கம் உண்டு. அந்த மேடையிலிருந்துதான் தமிழ்த் திரைப்படமும் வந்தது. ஆகவே, தமிழ்ப் படத்தில் ராஜா பாடினால் வியக்காத தமிழ் இரசிகருக்கும், மலாய்ப் படத்தில் மந்திரி பாடினால் வியக்காத மலாய் இரசிகருக்கும் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது.

ஜாலான் அம்பாஸில் ரம்லி பயின்ற பள்ளியிலும் இந்தியர்களே ஆசிரியர்கள். அந்நாளில் அங்கே படம் இயக்கியவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். 1950ஆம் ஆண்டு 'பக்தி' என்ற படத்தை இயக்கியபோது, அதுவரை வில்லனாகவும் துணை நடிகராகவும் இருந்த ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் அவர்தான். மெலிந்த உடலும் பருத்தழும்புள்ள முகமும் கொண்ட ஓர் இளைஞரை நாயகனாக ஏற்பார்களா என்று ஐயப்பட இடமிருந்தது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1955இல் 'பெனாரிக் பெச்சா' என்னும் படத்தின் மூலம் ரம்லி இயக்குநரானார். ஒரு ரிக்‌ஷாக்காரனின் கதை அது. 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தை, மகன் என இரு வேடங்களில் நடித்து, 1957ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் சிறந்த நடிகர் விருதை வென்றார்.

அழுகைப் படங்களில் விருது வாங்கியவர்தான்; ஆயினும் அவருடைய மனம் மாயக்கதைகளிடம் திரும்பத் திரும்பப் போனது. 1959இல் 'நுஜும் பா பெலாலாங்' எடுத்தார். சோம்பேறி ஒருவன் தற்செயலாக அரண்மனைச் சோதிடனாகிவிடும் நாட்டுப்புறக் கதை அது. 1961இல் அலிபாபா கதையைக் கையில் எடுத்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் எம்.ஜி.ஆரை வைத்து 1956இல் அதே கதையை எடுத்திருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. ரம்லியின் 'அலிபாபா புஜாங் லாப்போக்' கறுப்பு வெள்ளைதான். அதில் அவர் அலிபாபாவாக நடிக்கவில்லை, திருடர் தலைவனாக நடித்தார். பழைய அரபு நாட்டுக்குள் 20ஆம் நூற்றாண்டுப் பொருள்களையும் பேச்சையும் வேண்டுமென்றே நுழைத்துவிட்டுச் சிரிக்க வைத்தார். 1964இல் 'தீகா அப்துல்' படத்துக்காக, வரைபடத்திலேயே இல்லாத இஸ்கெதம்போலா என்னும் நாட்டைக் கற்பனை செய்தார். சிங்கப்பூரில் அவர் இயக்கிய கடைசிப் படம் அதுவே.

பிறகு கோலாலம்பூர். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவாகியிருந்தது. புதிய நாட்டின் தலைநகரில் மலாய்த் திரைப்படத்துக்குப் புதிய வாழ்வு உண்டு என்ற நம்பிக்கை பலருக்கும் இருந்தது. சிங்கப்பூரிலோ, 100க்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த ஜாலான் அம்பாஸ் நிலையம் நலிந்துகொண்டிருந்தது. 1967இல் அது மூடப்பட்டது. ரம்லி தம் மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். சலோமாவும் புகழ்பெற்ற பாடகி. செத்தாபாக்கில் ஜாலான் டெடாப்பில் இருந்த ஒரு சாதாரண வீட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

மெர்டேக்கா நிலையத்தை எச். எம். ஷாவும் ஹோ ஆ லோக்கும் தொடங்கியிருந்தார்கள். பின்னர் அதுவும் ஷா சகோதரர்களின் கைக்கு வந்தது. ஜாலான் அம்பாஸுடன் ஒப்பிட்டால் அங்கே எல்லாமே குறைவு. கருவிகள் குறைவு, பணம் குறைவு, அனுபவமுள்ள தொழில்நுட்பக் கலைஞர்களும் குறைவு. ஒரு திரைப்படம் ஒருவரால் ஆவதன்று. விளக்கை எங்கே வைத்தால் முகம் துலங்கும் என்று அறிந்தவர், பாட்டின் இரண்டாவது அடியிலேயே இயக்குநரின் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் இசைக்கலைஞர், ஒரு கண்ணசைவுக்குப் பதில் கண்ணசைவு தரும் சக நடிகர் எனப் பலர் சேர்ந்து பல ஆண்டுகள் பழகிய பழக்கம்தான் ஜாலான் அம்பாஸின் உண்மையான சொத்து. அந்தச் சொத்தை ரம்லியால் பெட்டியில் கட்டி எடுத்துவர முடியவில்லை. அவருடைய பழைய தோழர்களுள் பலர் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டனர்.

சந்தையும் சுருங்கிப்போனது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு மோதல் போக்கைக் கடைப்பிடித்தது. மலாய்ப் படங்களுக்கு அங்கிருந்த பெரிய சந்தை அதனால் கைவிட்டுப் போனது. 1963 டிசம்பரில் நம் நாட்டில் தொலைக்காட்சி வந்தது. வீட்டுக்குள்ளேயே படம் தெரியத் தொடங்கியது. திரையரங்குகளிலோ இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து இறங்கின. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் மக்கள் எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோரின் படங்களை வண்ணத்தில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ரம்லி உலு கிள்ளானில் எடுத்த 18 படங்களும் கறுப்பு வெள்ளை. இத்தனைக்கும் அவர் நாயகனாக நடித்த 'ஹங் துவா' 1956ஆம் ஆண்டிலேயே வண்ணத்தில் வந்த படம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்ணத்தில் தோன்றிய கலைஞர், ஊரெல்லாம் வண்ணத்துக்கு மாறிய பின் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்க நேர்ந்தது.

இந்த நிலையில்தான் 'அஹ்மட் அல்பாப்' உருவாயிற்று. மாயக்கதை என்றாலே செலவு என்றுதான் தயாரிப்பாளர்கள் நினைப்பார்கள். அரண்மனை வேண்டும், பூதம் வேண்டும், புதையல் வேண்டும், அவற்றைப் படமாக்கத் தந்திரக் காட்சிகளும் வேண்டும். கைவசம் பணமில்லாத ஒருவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. ரம்லி போனார். கதை, இயக்கம், இசை, நாயகன் வேடம் என நான்கையும் தாமே ஏற்றுக்கொண்டார். அதில் பாதி ஆர்வம் என்றால், மீதி சிக்கனம் எனலாம்.

கதை மிக எளிது. மஷூட் அல்புவாயா என்ற செல்வர் ஒருவர் இருக்கிறார். புவாயா என்றால் முதலை. பெயரிலேயே கேலி தொடங்கிவிடுகிறது. அவருக்கு மூன்று பெண்மக்கள். பிள்ளைகளின் நல்வாழ்வு தந்தையாகிய தம்மிடமிருந்தே வருகிறது என்பது அவருடைய எண்ணம். மூத்தவர் இருவரும் தலையாட்டுகிறார்கள். கடைசி மகள் மஸ்தூரா மட்டும் அதை ஏற்க மறுக்கிறாள். தன் வாழ்வு தன் கையில் என்பது அவளது கட்சி. மூன்று மகள்களில் இளையவள் உண்மை பேசித் துன்பப்படும் இத்தகைய கதை நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததே. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையும் இப்படித்தான் தொடங்கும். சினங்கொண்ட தந்தை, மஸ்தூராவை ஷாவால் என்ற ஏழை ஆட்டிடையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு நாள் ஷாவால் ஓர் ஆட்டைத் தேடிப் போகிறான். போன இடத்தில் ஒரு குகை. குகை நிறையப் புதையல். ஆனால், அதைத் தொட முடியவில்லை. ஜின்கள் காவல் காக்கின்றன. இந்தச் செல்வம் அஹ்மட் அல்பாப் என்பவருக்கு உரியது. அவர் வந்தால் மட்டுமே கொடுக்கப்படும். அஹ்மட் அல்பாப் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

விடை ஷாவாலின் குடிசைக்குள்ளேயே இருக்கிறது. மஸ்தூராவுக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தை ஓயாமல் அழுகிறது. பழைய கதவைத் திறந்து மூடும்போது எழும் கிறீச்சொலியைக் கேட்டால் மட்டும் அழுகை நிற்கிறது. அரபு மொழியில் பாப் என்றால் கதவு. அஹ்மட் என்பதோடு அல்பாப் சேர்ந்துகொள்கிறது. ஊரெல்லாம் தேடிய செல்வந்தர் தொட்டிலில் கிடக்கிறார்.

மலாய்த் திரையின் மாயக்கதைகளுள் இதைவிட மலிவான மாயம் இருக்குமா என்பது ஐயமே. எண்ணெய் போடாத ஒரு கீல்தான் கதையின் முடிச்சை அவிழ்க்கிறது. அந்த ஓசையை உருவாக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. பணம் இல்லாததால் கதை இப்படி ஆயிற்றா, இப்படியொரு கதை மனத்தில் இருந்ததால் பணத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லையா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று தெரிகிறது. அலிபாபாவின் குகைக் கதவு மந்திரச் சொல்லுக்குத் திறக்கும். ஏழு ஆண்டுகளுக்குப் பின் ரம்லி எழுதிய கதையில் ஏழையின் வீட்டுக் கதவே மந்திரமாகிவிடுகிறது. படத்தில் வரும் துள்ளலான பாட்டு ஒன்றும் கதவைத் திறக்கச் சொல்லும் பாட்டுதான். மலாய் மொழி பேசாத மலேசியர்கள் பலரும்கூட அதன் முதலடியை அறிவார்கள்.

நடிகர்களைத் தேர்ந்ததிலும் அவர் பிழை செய்யவில்லை. மஷூட் அல்புவாயாவாக நடித்தவர் ஏ. ஆர். தொம்பேல். உலு கிள்ளான் ஆண்டுகளில் ரம்லியோடு தோள் சேர்ந்து நின்ற நகைச்சுவை நடிகர் அவர். தம் செல்வச் செருக்கைத் தாமே இரசித்துக் காட்டும் அவருடைய நடிப்பில், கெட்டவர்மீது கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். மஸ்தூராவாக சாடியா நடித்தார். நாயகன் தாமாக இருந்தும், கதையின் வலுவான வாதத்தை ரம்லி நாயகியின் கையில் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1968ஆம் ஆண்டு ரம்லியின் இன்னொரு படமும் வந்தது. 'கெரிமிஸ்' என்ற அந்தப் படம் மாயக்கதைக்கு நேர்மாறானது. மலாய் ஓவியன் கமாலும் இந்திய நாட்டியப் பெண் லீலாவும் காதலித்து மணந்துகொள்ளும் கதை. லீலாவாகச் சந்திரா சண்முகம் நடித்தார். கமாலாக நடித்தவர் ரம்லியே. இரு வீட்டாரின் எதிர்ப்பையும் அந்தத் தம்பதியர் சந்திக்கிறார்கள். இனங்களுக்கிடையிலான திருமணத்தை முதன்மைக் கதையாக்கத் துணிவது அன்று எளிதன்று. கறுப்பு வெள்ளையில், அதே குறைந்த வசதிகளோடு, ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் ஒருவர் எடுத்தார்; 'அனாக் பாப்பாக்' என்னும் நகைச்சுவைப் படத்தையும் சேர்த்தால் மூன்று. இந்த வேகத்தில் சில படங்கள் தரம் தாழ்ந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உலு கிள்ளான் படங்கள் சிங்கப்பூர்ப் படங்களுக்கு ஈடாகவில்லை என்று அக்காலத்தில் பலர் சொன்னார்கள். காட்சியமைப்பையும் ஒலிப்பதிவையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அக்கருத்தில் நியாயமும் உண்டு.

1966இல் ரம்லி, தொம்பேல், இப்ராஹிம் டின் மூவரும் டோ, ரே, மீ என்னும் பெயர்களில் நண்பர்களாக நடித்த படம் மக்களைக் கவர்ந்திருந்தது. இசையின் முதல் மூன்று சுரங்கள்தாம் அந்தப் பெயர்கள். தமிழில் ச, ரி, க என்று மூன்று வேலையற்ற நண்பர்களுக்குப் பெயர் வைத்ததற்கு ஒப்பு. அதே ஆண்டில் இரண்டாம் பாகமும் வந்தது. 1972ஆம் ஆண்டு, மூன்றாம் பாகமாக 'லக்சமானா டோ ரே மீ' வெளிவந்தது. இம்முறை அந்த மூவரும் ராஜா, இளவரசி, மாயப்பொருள்கள் நிறைந்த உலகுக்குள் நுழைந்து, கடற்படைத் தளபதிகளாகிவிடுகிறார்கள். ரம்லி நடித்ததும் இயக்கியதும் அதுவே கடைசி. விருது தந்த அழுகைக் கதைகளிலிருந்து எவ்வளவோ தொலைவு வந்துவிட்ட பிறகும், கடைசியாக அவர் போய்ச் சேர்ந்த இடம் சிறுபிள்ளைகளுக்கான மாயநாடு.

அதற்குப் பிறகு அவருக்குப் படவாய்ப்பு அமையவில்லை. திட்டங்கள் இருந்தன. 'ஆயிர் மாத்தா டி கோலாலம்பூர்' என்ற படத்தை எடுக்க விரும்பினார். கோலாலம்பூரில் கண்ணீர் என்பது அதன் பொருள். படம் எடுக்கப்படவில்லை. அந்தப் பெயரில் அவர் அமைத்த பாடல் மட்டும் சலோமாவின் குரலில் நிலைத்தது. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பி. ரம்லி மாரடைப்பால் காலமானார். வயது 44. 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 30க்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 200க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தவருக்கு, வாழ்நாளின் கடைசி ஓராண்டில் இயக்க ஒரு படமும் இல்லை. ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மரியாதைகள் பின்னர் வந்தன. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பேரி, ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. 1986இல் செத்தாபாக் வீடு நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1983இல் மறைந்த சலோமா அந்த விருதைக் காண இல்லை. மெர்டேக்கா நிலையம் இருந்த இடத்துக்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் வந்தது.

திரையரங்குகளில் வண்ணப் படங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்த அவருடைய படங்களைத் தொலைக்காட்சி புதிய தலைமுறைகளிடம் கொண்டு சேர்த்தது. நாட்டின் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிய பிறகும், விடுமுறை நாள்களில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓடின, இன்றும் ஓடுகின்றன. ரம்லி இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளைகள், மஷூட் அல்புவாயாவின் வசனங்களைப் படத்துக்கு முன்பாகவே சொல்லிவிட்டு, ஆட்டிடையன் குடிசையின் கதவு எப்போது கிறீச்சிடும் என்று காத்திருக்கிறார்கள்.